மோஷனும் மோட்டாரும்

ஐப்பசியில் மழை பிடித்து உப்புப் பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டால் மரக்காணத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. எனக்கு மட்டும் கொஞ்சம் இருக்கும். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களை அப்போதுதான் கழற்றிக்கொண்டு வந்து என் ஷெட்டில் போடுவார்கள். உப்புக்காற்றில் ஒரு சீசன் முழுக்க ஓடிய மோட்டாரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். போல்ட்டெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் பொலபொலவென்று உதிரும். ஆனாலும் தை பிறக்கிற வரைக்கும் யாருக்கும் அவசரம் கிடையாது. டீ குடித்துக்கொண்டு மெதுவாகச் செய்யலாம். நான் மெதுவாக வேலை செய்வதைப் பார்த்தால் என் மனைவிக்குக் கை சும்மா இருக்காது. என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு முழு செக்கப் என்பது அவள் போட்ட சட்டம். எனக்கு ஐம்பது தாண்டிய சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதா கோயில் வாசலில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சும்மா கையை நீட்டினேன். பிபி அதிகம் என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவளுக்குத்தான் தலை சுற்றியது. அன்றிலிருந்து வருஷம் தவறாது. முதல் நாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். மறுநாள் ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அவள் முன்னே நடக்க, நான் பின்னே போக வேண்டும். அவளுக்கு எப்போது செக்கப் என்று கேட்டால், "எனக்கு இன்னா? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். உப்பை அரைத்து பாக்கெட் போடுகிற ஷெட்டில் அவளுக்கு வேலை. உப்பு மூட்டையை அவள் தூக்குவதைப் பார்த்தவன் யாரும் மறுத்துப் பேச மாட்டான்.

எங்கள் டாக்டரம்மா பாண்டிச்சேரிக்காரர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவர், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கிறார். மேலே குடியிருப்பு. அதிர்ந்து பேச மாட்டார். என்னை அவர் சோதித்து முடித்ததும், அவர் வீட்டு போர் மோட்டாரை நான் சோதித்துவிட்டு வருவது வழக்கம். "உங்க மோட்டாருக்கு வயசாயிடுச்சுங்க" என்று நான் சொல்வேன். "உங்களுக்குந்தான்" என்று அவர் சொல்வார். இப்படி வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

போன மழைக்காலம். எடை பார்த்தாயிற்று, பிபி பார்த்தாயிற்று, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாயிற்று, உள்ளங்காலில் குத்திப் பார்த்தாயிற்று. சர்க்கரை பரவாயில்லை, கொழுப்புதான் கொஞ்சம் கூட, இறாலைக் குறையுங்கள் என்றார். அனுமந்தையில் இறால் பிடிக்கிற சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு இறாலை எப்படிக் குறைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துத் தட்டிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். மோட்டார் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்பதாக என் காதில் விழுந்தது. நம் தொழிலை விசாரிக்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"எங்கங்க ஓடுது? தண்ணி ஏறி அப்படியே ஜாம் ஆயிடுச்சு. நேத்துதான் மொத்தமா கழட்டி வெச்சேன்."

டாக்டரம்மாவின் விரல்கள் நின்றன. "எதை?"

"உள்ள இருக்கறது எல்லாத்தையும்தான். சேறும் நத்தையுமா வந்துதுங்க. ஒரே நாத்தம். குண்டு பல்பு போட்டு காய வெச்சிருக்கேன். ரெண்டு நாள்ல ஓடிடும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். வெளியாட்கள் முன்னால் எனக்கு எப்போதும் 'வாங்க போங்க'தான். வீட்டுக்குள்தான் 'வாய்யா போய்யா'. அன்று சிரிப்பில் அவளுக்கு எல்லாம் மறந்து போயிற்று.

"யோவ், அவங்க மோஷன் ஒழுங்கா போவுதான்னு கேட்டாங்கய்யா!"

எனக்குக் காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. "டாக்டரம்மா எப்பவும் கொரல் கம்மியா பேசுவாங்க, அதான்" என்று சமாளித்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "வீட்ல டிவி சவுண்டு யார் கூட்டறது?" என்றார். என் மனைவி என்னைக் கை காட்டினாள். "போன்ல பேசறப்ப?" மறுபடியும் என்னையே காட்டினாள். "சரி, இந்த வருஷம் காதையும் பார்த்துடலாம்" என்று எழுந்தார்.

என்னை என் மனைவிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தார். தான் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வதாகவும், ரகசியம் பேசுகிற மாதிரி சில வார்த்தைகள் சொல்வதாகவும், கேட்டதை நான் திருப்பிச் சொன்னால் போதும் என்றும் விளக்கினார். பின்னால் போய் என் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தயாரான பையன் மாதிரி இருந்தேன் என்று பிற்பாடு அவள் சொன்னாள்.

காத்திருந்தேன். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே என் மனைவி, சொல்லு சொல்லு என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். எதைச் சொல்வது? இன்னும் ஆரம்பிக்கவில்லையே. மழையில் டாக்டரம்மாவுக்கும் தொண்டை கட்டியிருக்குமோ என்று நினைத்தேன். அடைத்த விரலை எடுத்து அடுத்த காதை அடைத்தார். அதற்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "ஆரம்பிக்கலாங்க, நான் ரெடி" என்றேன்.

என் மனைவியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கண் கலங்க, மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்னவோ பெரிதாக நடந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டரம்மா முன்னால் வந்தார். "முடிஞ்சிடுச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னார்.

அதன்பிறகு இரும்பில் கவட்டை மாதிரி ஒன்றை எடுத்துத் தன் முழங்கையில் தட்டி என் காதருகே பிடித்தார். லேசாக ஏதோ கேட்டது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். நன்றாகச் சுற்றுகிற மோட்டார் மாதிரி கும்மென்று மண்டைக்குள் கேட்டது. "இது நல்லா கேக்குதுங்க! நான் பேரிங் பாக்கறது இப்படித்தான். ஸ்க்ரூடிரைவரை மோட்டார் மேல வெச்சு, பிடியைக் காதாண்ட வெச்சு அமுக்கிப்பேன்" என்றேன். "அதனாலதான் இத்தனை நாளா உங்களுக்கே தெரியாம இருந்திருக்கு" என்றார் அவர். டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார். ஒரு காது, மறு காது, மறுபடி முதல் காது. நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். ஆபரேஷன், காது மிஷின், செவிட்டு மெக்கானிக் என்று ஊரில் வைக்கப்போகிற பட்டப்பெயர்.

"அழுக்குங்க. கல்லு மாதிரி அடைச்சிருக்கு, ரெண்டு பக்கமும். சொட்டு மருந்து தர்றேன். ஊறட்டும். அடுத்த வாரம் வாங்க, எடுத்துடலாம்."

என் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். உடனே அவளுக்குக் கோபமும் வந்துவிட்டது. "அழுக்கா? அழுக்குக்கா நான் இப்படி அழுதேன்?"

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என் தோளைத் தட்டி, காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள். "அவங்க மீன் கொழம்புன்னு சொன்னாங்கய்யா. தெளிவா சொன்னாங்க. மீன் கொழம்பு கூட உன் காதுல விழலையே!"

மருந்து ஊற்றிய அந்த வாரம் இன்னும் மோசம். அழுக்கு ஊறி உப்பிக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்த கொஞ்சமும் போய்விட்டது. ஞாயிறு பூசையில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். புதிதாக வந்த பங்குச்சாமியாருக்குப் பிரசங்கத்தில் குரலே எழும்பவில்லை என்று குறை சொல்லியிருக்கிறேன். சென்னையில் வேலை பார்க்கிற மகள் வாயைத் திறக்காமல் பேசுகிறாள் என்று சண்டை போட்டிருக்கிறேன். இரண்டு போன் மாற்றியிருக்கிறேன். என் மனைவி முன்னெல்லாம் மெதுவாகப் பேசுவாள், வயதாக வயதாகக் கத்த ஆரம்பித்துவிட்டாள், முன்கோபம் வந்துவிட்டது என்றே வைத்திருந்தேன். ஊரில் எல்லோருக்கும் ஏதோ கோளாறு, எனக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வாழ்ந்திருக்கிறேன். சாமியார் முழங்கினாரோ முணுமுணுத்தாரோ தெரியாது, எனக்குள் சிரிப்பாக வந்தது.

அடுத்த வாரம் போனோம். தோளில் துண்டைப் போட்டு, காதுக்குக் கீழே ஒரு வளைந்த தட்டை என் மனைவி கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். டாக்டரம்மா பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக் காதுக்குள் பீய்ச்சினார். கடலே உள்ளே புகுந்த மாதிரி ஒரு இரைச்சல். இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு 'பொளக்'கென்று ஏதோ விடுபட்டது. தட்டில் விழுந்ததை என் மனைவி குனிந்து பார்த்தாள். புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பாக இருந்தது.

"இதையா சுமந்துக்கிட்டு இருந்த?" என்றாள்.

அவள் குரல்! மெதுவாக, பக்கத்தில், நீர் சொட்டுகிற மாதிரித் தெளிவாக. கல்யாணமான புதிதில் கேட்ட குரல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிஞ்சுத் தண்ணீர்தான் வழிகிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டேன்.

மறு காதும் முடிந்ததும் டாக்டரம்மா பழையபடி எனக்குப் பின்னால் போய் நின்றார். இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. கேட்டதை உற்சாகமாகத் திருப்பிச் சொன்னேன்: "மோஷன்!" பழைய பழக்கத்தில் கத்திவிட்டேன் போல. வெளியே காத்திருந்தவர்கள் சிரித்த சத்தமும் தெளிவாகக் கேட்டது.

இடது காது மட்டும் பாதிதான் தேறியது. அது அழுக்கால் வந்ததில்லை, காலம் காலமாக ஆயில் இன்ஜின் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றதால் போனது, அது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், வேலை செய்யும்போது காதுக்கு அடைப்பான் வையுங்கள் என்றார். சரி என்றேன். அன்று எதற்குமே சரி என்றிருப்பேன்.

வெளியே வந்தால் உலகமே இரைந்துகொண்டிருந்தது. நடக்கும்போது யாரோ பின்னாலேயே மண்ணை நறநறவென்று மென்றுகொண்டு வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் செருப்புதான். மஞ்சள் பைக்குள் ரிப்போர்ட் கவர் உரசுகிற சத்தம் கூட எரிச்சலாக இருந்தது. ஈசிஆர் ரோட்டில் ஏறியதும் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது, வண்டியோடு வாய்க்காலில் இறங்கப் பார்த்தேன். உப்பளத்தை ஒட்டி வந்தபோது வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் நின்ற பாத்திகளில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. எத்தனை விதமாகக் கத்துகின்றன!

"இதுங்க எப்ப வந்துது?" என்றேன்.

"எப்பவும் இங்கதான் கீது" என்றாள்.

வீட்டில் இனி எல்லாம் சுபம் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அடுத்த சில நாளிலேயே கவனித்தேன், அவள் பேசுவதே குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். சமையல் செய்துகொண்டே "இந்த ஆளுக்கு..." என்று ஆரம்பிப்பாள், சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொள்வாள். இத்தனை நாள் நான் கேட்கவில்லை, இப்போது கேட்கக் காத்திருக்கிறேன், சொல்ல ஆளில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"ஏம்மே, என் மேல எதுனா கோவமா?"

"கோவமெல்லாம் இல்லய்யா." கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இத்தனை வருஷமா உன் முதுகுப் பக்கம் நின்னுக்கிட்டுதான் என் மனசுல இருக்கறத எல்லாம் பேசிக்கிட்டு இருந்தேன். உன் காதுல விழாதுன்னு தெரியும். திட்டணும்னா திட்டுவேன். உன் அம்மாவ, உன் அண்ணன, ஷெட்ல அந்த மேஸ்திரிய, எல்லாரையும். மனசு லேசாயிடும். இப்ப நீ உடனே 'இன்னா சொன்ன'ன்னு திரும்பிப் பாக்கற. எனக்கு வாய் வர மாட்டுது."

நான் வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்துவிட்டேன்.

"அப்ப தெரியுமா? எனக்குக் கேக்கலைன்னு?"

"கொஞ்சம் மந்தம்னு தெரியும். மீன் கொழம்பு கேக்காத அளவுக்குன்னு தெரியாது."

"திட்டு மட்டுந்தான் திட்டுவியா?"

"நல்லதும் சொல்லுவேன். எப்பவாச்சும்."

"இன்னா சொன்ன?"

"அது போச்சு. கேட்டிருக்கணும்" என்று எழுந்து போய்விட்டாள். என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

யோசித்து ஒரு ஏற்பாடு செய்தேன். சாயங்காலம் காபி குடித்ததும் நான் வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன், நீ உள்ளே இருந்து என்ன வேண்டுமானாலும் பேசு, நான் திரும்ப மாட்டேன், பதிலும் சொல்ல மாட்டேன் என்றேன். முதல் இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் மெதுவாக ஆரம்பித்தாள். அடேயப்பா! என் அண்ணன் மகன் கல்யாணத்தில் புடவை எடுத்த விஷயத்தில் இவ்வளவு நடந்திருக்கிறதா? தெருவில் போகிறவர்கள், இவன் எதற்குத் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறான் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

இப்படி நாள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விசில் கேட்டது.

ஒரு நாள் காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மெல்லிசாக, இழுத்து இழுத்து, ஒரு சத்தம். பேரிங்கில் கிரீஸ் வற்றினால் இப்படித்தான் வரும். ஃபேனாக இருக்கும் என்று நிறுத்திப் பார்த்தேன். இல்லை. ஃபிரிட்ஜில் காதை வைத்தேன். அதுவும் இல்லை. கேஸ் சிலிண்டரைத் திருப்பி மூடினேன். சத்தம் நிற்கவில்லை. மெக்கானிக் புத்தி சும்மா விடுமா? வாயில் நுரையோடு சத்தம் வந்த திசையில் நடந்து நடந்து வாசலுக்கு வந்தேன். அவள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நாலு தடவை துடைப்பத்தை இழுப்பாள், நிற்பாள். நிற்கும்போது அந்த விசில் வந்தது.

அவளிடமிருந்து.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அவள் பின்னால் நின்று முதுகில் காதை வைத்தேன். துள்ளிவிட்டாள்.

"சீ! பட்டப்பகல்ல இன்னாய்யா இது? அந்தண்ட போ, பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க!"

"ஒரு நிமிஷம் ஆடாம இரு. மூச்சு வாங்கு."

வாங்கினாள். உள்ளே பல குரலில் விசில் அடித்தது.

"எத்தினி நாளா இப்படி?"

"சளிய்யா. மழை நாளு இல்ல?"

"மழை இன்னிக்குதான் பேயுதா? எத்தினி நாளா?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "காலையில வரும், வேலைக்குப் போனா கொஞ்சம் வரும். அப்புறம் போயிடும். ரெண்டு மூணு வருஷமா கீது."

ரெண்டு மூணு வருஷம். ஒரே வீட்டில், கைக்கெட்டுகிற தூரத்தில், ஒருத்தி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் கொஞ்சம் முனகினாலும் எனக்குப் போன் வரும், ஓடுவேன். சுவரில் சாய்ந்த துடைப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே என் கையைத் தட்டி, "டீ ஆறுது, போ" என்றாள்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றாள். வேலை இருக்கிறது என்றாள். அடுத்த வாரம் என்றாள். தான் கல்லு மாதிரி இருப்பதாக மறுபடி சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவள் எனக்குப் போட்ட சட்டத்தை அவளுக்கே போட்டேன். "வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப். இனிமே ரெண்டு பேருக்கும். நீ வரலைன்னா நானும் போவ மாட்டேன், பிபி மாத்திரையும் போட மாட்டேன்." அது வேலை செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை: நான் டாக்டர் ரூமுக்குள் வரக் கூடாது. நான் வந்தால் மானத்தை வாங்கிவிடுவேனாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் பை இந்தத் தடவை என் மடியில். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார், உடனே எழுந்தேன். அவருக்கே ஆச்சரியம்.

உள்ளே என் மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஓரத்தில் கோடு போட்டு ஒரு முள் இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து அதற்குள் ஒரே ஊதாக ஊத வேண்டும். அவள் ஊதியபோது முள் பாதிக்குக் கீழேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா ஒரு மருந்தைப் புகை மாதிரி இழுக்க வைத்து, சற்று உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. என் மனைவி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு வாட்டி ஊதறேன்" என்று கேட்டு வாங்கி ஊதினாள். போட்டியில் ஜெயிக்கப்போகிற மாதிரி முகம்.

"ஆஸ்துமா" என்றார் டாக்டரம்மா. "இப்ப ஒண்ணும் கெட்டுப் போயிடலை. நல்லாவே கட்டுப்படுத்தலாம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த குழாய் இறங்கியது. "எனக்கா?" என்றாள். பிறகு சின்னக் குரலில், "இன்ஹேலர் பழகிட்டா அப்புறம் விடவே முடியாதுன்னு சொல்றாங்களே" என்றாள்.

"கண்ணாடி போடறீங்க இல்ல? அது பழகிடுச்சு, விட முடியலைன்னு யாராவது சொல்றாங்களா? தேவைப்படுது, போடறீங்க. இதுவும் அப்படித்தான். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இவருக்குக் கேட்டிருந்தா அப்பவே இழுத்துட்டு வந்திருப்பாரு. கேக்கலை. அவரே கேக்காதப்ப எனக்கும் அது பெரிசாத் தெரியலை."

நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

சர்க்கரை இல்லை, பிபி இல்லை. ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி, கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்கள் என்றார். ஷெட்டில் தூசி பறக்கிற இடத்தில் நிற்கக் கூடாது, நின்றுதான் ஆக வேண்டுமென்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு நில்லுங்கள், வெறுமனே முந்தானையைச் சுற்றினால் போதாது என்றார். இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுத்து, அங்கேயே செய்து காட்டச் சொன்னார். முதல் தடவை அவள் மருந்தையெல்லாம் காற்றில் விட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள்.

மாதம் ஒன்று போவதற்குள் விசில் நின்றுவிட்டது. காலையில் வாசல் கூட்டும்போது இப்போது நின்று நின்று கூட்டுவதில்லை. நானும் பழக்கத்தில் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டுதான் பல் துலக்குகிறேன். துடைப்பம் உரசுகிற சத்தமும், நடுவே பக்கத்து வீட்டுக் கோழிக்கு விழுகிற திட்டும்தான் கேட்கும்.

தை பிறந்து பாத்திகளில் மறுபடி தண்ணீர் பாய்ச்ச ஆரம்பித்தார்கள். நான் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மோட்டார் மாட்டப் போனேன். "இன்னாண்ணே, பாட்டு கேக்கறியா?" என்று பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு பாக்கெட் ஷெட்டுக்குப் போனாள். மேஸ்திரி, "இன்னாம்மா, ஆபரேஷன் தியேட்டருக்கா வந்த?" என்று சிரித்தாராம். இவள் என்ன பதில் சொன்னாள் என்பதைச் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கேட்டேன். இங்கே எழுத முடியாது. ஆனால் ஷெட்டில் அரைவை மிஷின் பக்கம் நிற்கிற பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து, அந்த மாஸ்க் எங்கே கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார்கள். கூனிமேட்டிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அக்கா தனக்கும் ஏறினால் இறங்கினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். "சளின்னு சொல்லாத, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று இவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் இந்த மழைக்காலத்தில் செக்கப்புக்கு எங்கள் வண்டி போதவில்லை. ஷேர் ஆட்டோ பேசினோம். பின்னால் என் மனைவி, கூனிமேட்டு அக்கா, இன்னும் இரண்டு பெண்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் அரை சீட்டில் நான். எல்லோரும் வெறும் வயிறு. காலையில் டீ குடிக்காத நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்: ரத்தம் எடுத்த பிறகு எந்தக் கடையில் சாப்பிடுவது, இட்லியா பூரியா, பூரி என்றால் டாக்டரம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா. டிரைவர் தாங்க முடியாமல் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

"ஏம்பா, குறைச்சு வை" என்றேன். "அவங்க பேசறது கேக்கணும்."